நார்ஃபக்கின் சின்ன அந்துப்பூச்சிகள்: படமா, இலையா, நுண்ணோக்கியா?

பிரிட்டனில் சுமார் 2,500 வகை அந்துப்பூச்சிகள் உண்டு. அதில் 1,600 வரை 'மைக்ரோ' என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கும் சின்ன ரகங்கள். கிழக்கு இங்கிலாந்தில் உள்ள நார்ஃபக் கவுன்டியில் (நம்ம ஊர் மாவட்டம் போல) வீட்டுக்குப் பின்னால் விளக்குப்பொறி வைத்து, பெரிய பூச்சிகள் ஓரளவு முகம் பழகின பிறகு, பொறிக்குள் பூச்சிகள் ஒளிந்துகொள்ள வைக்கும், முட்டை அடுக்கும் அட்டைத் தட்டின் மடிப்புகளில் அரிசி மணி போல ஒட்டிக்கிடக்கும் இந்தக் கூட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வி கட்டாயம் வரும். படம் எடுக்கலாம், இலையில் தேடலாம், அறுத்துப் பார்க்கலாம். என் கட்சி இலை. ஏன் என்று சொல்கிறேன்.

படம்தான் எல்லோரும் தொடங்கும் இடம், தொடங்கவும் வேண்டும். சின்ன டப்பாவில் பிடித்து, கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, அசையாமல் இருக்கும்போது கட்டம் போட்ட தாளின் மேல் விட்டு எடுங்கள். அளவு தெரியாத படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில வகைகளுக்கு இதுவே போதும். நம்ம ஊர் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் விவசாயிகளைப் பாடாய்ப் படுத்தும் வைரமுதுகு அந்துப்பூச்சி 2016 ஜூனில் கடல் தாண்டி பெருங்கூட்டமாக இங்கிலாந்தில் வந்து இறங்கியது. அதன் முதுகு வரியைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் நெஃபேசியா என்ற சாம்பல் நிறக் கும்பலில் தனித்தனி வகைகளெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அக்லெரிஸ் கிறிஸ்டானா என்ற ஒரே வகையோ 100-க்கும் மேற்பட்ட வேஷங்களில் வரும். இரண்டு பக்கமும் படம் ஏமாற்றும். படத்தைப் பார்த்துச் செல்பேசிச் செயலி சொல்லும் பெயரை அப்படியே பதிவு செய்வதுதான் இதில் பெரிய ஆபத்து, ஏனென்றால் அது கையில் இருக்கும் பூச்சியின் அளவையோ அது வந்த செடியையோ பார்ப்பதில்லை.

சரி, இலைக்கு வருவோம். இந்தப் பூச்சிகளில் பல, புழுவாக இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட செடியைத் தவிர வேறெதையும் தொடாது, அதனால் செடியின் பெயர் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இப்போனோமியூட்டா கும்பலைப் பாருங்கள்: வெள்ளைச் சிறகு, கறுப்புப் புள்ளிகள், மூன்று வகைகளை விளக்கடியில் பிரிக்க முயன்றால் தலை சுற்றும். ஆனால் மே, ஜூனில் வேலியோரம் போய்ப் புழுக்கள் பின்னிய வலையைத் தேடினால், ஸ்பிண்டில் மரத்தில் இருப்பது ககனகெல்லா, ஆப்பிளில் இருப்பது மாலினெல்லஸ், ஹாதார்ன் அல்லது பிளாக்தார்ன் முட்புதரில் இருப்பது பாடெல்லா.

இலைக்குள்ளேயே குடைந்து வாழும் சுரங்கப்புழுக்கள் இன்னும் வசதி. முட்டை இலையின் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா, எச்சம் நடுவில் மெல்லிய கோடாக இருக்கிறதா அகலமாகப் பரவியிருக்கிறதா, சுரங்கம் நரம்பை ஒட்டிப் போகிறதா என்று லென்ஸில் பார்த்தால் போதும். பூச்சி பறந்து போன பிறகும் சுரங்கம் அங்கேயே இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தைப் பழுப்பாக்கும் கமெராரியா என்ற சுரங்கப்பூச்சி பிரிட்டனில் 2002-இல் லண்டனின் விம்பிள்டனில் முதலில் தெரிந்தது. அது நாடு முழுக்கப் பரவியதைப் பொதுமக்களே இலைகளைப் பார்த்துக் கணக்கெடுக்க முடிந்தது.

இதிலும் குறை உண்டு. ஓக் இலையில் பில்லோனோரிக்டர் வகைகள் பல ஒரே மாதிரி கொப்புளம் போடும், அங்கே இலை மட்டும் போதாது, கூட்டுப்புழுவோடு எடுத்து வளர்க்க வேண்டும். வளர்த்தால் பாதி நேரம் இலை பூஞ்சை பிடித்துவிடும், இல்லாவிட்டால் உள்ளேயிருந்து ஒட்டுண்ணிக் குளவி வெளியே வரும். அந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் பழகவில்லை.

மூன்றாவது, அறுத்துப் பார்ப்பது. வயிற்றுப் பகுதியைப் பிரித்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, சதை கரைந்த பிறகு மிஞ்சும் இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தை நுண்ணோக்கியில் ஒப்பிடுவார்கள். நெஃபேசியாவுக்கும் கோலியோஃபோரா என்ற இன்னொரு கும்பலில் பலவற்றுக்கும் நம்பகமான வழி இதுதான். ஆனால் ஓர் உயிரைக் கொல்ல வேண்டும், கையும் தேற வேண்டும். கவுன்டிக்கே புதிது என்று சந்தேகம் வந்தால் செய்யலாம். வாராவாரம் வரும் சாம்பல் பூச்சிக்கு 'நெஃபேசியா குழு' என்று எழுதிவிட்டு அதைப் பறக்க விடுவதே சரி என்பேன்.

அப்புறம் பதிவு. என்ன, எங்கே, எப்போது, யார் என்ற நான்கும் இல்லாமல் எதுவும் செல்லாது. 'எங்கே' என்பதில் நார்ஃபக்குக்கு இரண்டு எண்கள்: 1852-இல் தாவரவியலாளர் வாட்சன் உயிரினப் பதிவுக்காக வகுத்த பிரிவுகளின்படி கிழக்கு 27, மேற்கு 28. கவுன்டி எல்லைகள் மாறினாலும் இவை மாறாது, அதனால்தான் பழைய பதிவுகளோடு இன்றும் ஒப்பிட முடிகிறது. எந்த இணையதளத்தில் பதிவது என்றால், பெயர் தெரியாதபோது உதவி கேட்க ஐநேச்சுரலிஸ்ட் நல்லது, பெயர் உறுதியான பிறகு ஐரெகார்டில் போடுவேன், அங்கே அந்தப் பகுதியை நன்றாக அறிந்த சரிபார்ப்பாளர் பார்ப்பார். இலையில் கண்டதென்றால் எந்தச் செடி, புழு உள்ளே இருந்ததா, காலிச் சுரங்கமா என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். செடியின் பெயர் விட்டுப்போன இப்போனோமியூட்டா பதிவைச் சரிபார்ப்பவர் பொதுவான குழுப் பெயருக்கு மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

பூச்சி வராத குளிர்கால மாதங்களிலும் வேலை உண்டு. பிராம்பிள் முட்செடியின் பல இலைகள் பனியிலும் உதிராமல் நிற்கும், அதில் ஸ்டிக்மெல்லா ஆரெல்லா என்ற சுரங்கப்புழு குடைந்த வெளிறிய வளைகோடுகளை ஜனவரியிலும் தேடலாம்.