வெந்தயமா, ஆவாரம்பூவா, சிறுகுறிஞ்சானா, பட்டையா?

தொப்பை, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, குறைந்த எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்). இந்த ஐந்தில் மூன்று எல்லை தாண்டினால் மெட்டபாலிக் சிண்ட்ரோம். நம் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வந்தாலே அது தொப்பைக் கணக்குதான். சரி, ரிப்போர்ட்டும் கையுமாக நாட்டு மருந்துக் கடையில் போய் நின்றால் தலைப்பிலுள்ள நான்கில் எதை வாங்குவது?

என் ஓட்டு வெந்தயத்துக்கு. இரவு ஊறப்போட்டதைக் காலையில் தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டுகிறதே, அதுதான் கரையும் நார்ச்சத்து. வயிற்றுக்குள்ளும் இப்படியே கூழாகி, சோற்றுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. ரத்தக் கொழுப்பும் சற்று இறங்கும். சிக்கல் அளவில்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 100 கிராம், அதுவும் எண்ணெய் நீக்கிய பொடி. நாம் விழுங்குவதோ ஒரு ஸ்பூன். ஊறிய தண்ணீரைக் குடித்துவிட்டு வெந்தயத்தைத் தொட்டியில் கொட்டுகிறவர்களுக்கு அதுவும் இல்லை! ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பார்கள். பழமொழிக்குள்ள பலம் ஆய்வுக்கு இல்லை. பெரும்பாலும் எலிகளோடு நின்றுவிட்டது. ஆனால் சர்க்கரை போட்ட டீக்குப் பதில் ஆவாரம்பூ டீ குடித்தால், அந்தச் சர்க்கரை மிச்சம்.

சிறுகுறிஞ்சான் வேடிக்கையான ஆள். இரண்டு இலையை நன்றாக மென்றுவிட்டு நாக்கில் சீனியைப் போட்டுப் பாருங்கள்: மணல்தான். அரை மணி நேரமாவது இனிப்பு தெரியாது. நாலு மணி ஆனால் மைசூர்பாகு தேடுபவருக்கு இதுவே பெரிய உபகாரம். மாத்திரையாக விழுங்கினால் இந்த வித்தை நடக்காது. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் லோ சுகர் ஆகவும் வாய்ப்புண்டு. இந்த எச்சரிக்கை நான்குக்குமே பொருந்தும்.

கடைசியாகப் பட்டை. கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா என்ற வகை. கெட்டியான ஒற்றைத் தோல். அதிலுள்ள குமரின் என்ற வேதிப்பொருள் அதிகமானால் ஈரலுக்கு ஆகாது. தினம் ஒரு ஸ்பூன் பொடி என்றால் குமரினுக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிவிடலாம். இலங்கைப் பட்டை சுருட்டுபோல மெல்லிய அடுக்குகளாக இருக்கும், கையாலேயே நொறுங்கும். விலை கூடுதல். பிரியாணிக்கு எதுவானாலும் சரி, தினமும் குடிப்பதென்றால் இலங்கைப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.