வீட்டுக்கு வந்து உண்ணிக் குளியல் போடும் ஆப்: ₹2,350 போச்சு, நாய் பிழைச்சதே பெரிசு

நேற்றுச் சாயங்காலம் நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பி நாயைக் குளிப்பாட்டும் ஒரு ஆப். "மூலிகை உண்ணிக் குளியல்" பேக்கேஜ் ₹2,350, முழுப் பணமும் முன்னாடியே கட்டணும்.

வந்தவரிடம் யூனிஃபார்ம், ஐடி கார்டு எல்லாம் இருந்தது. நாயை முதலில் தன் கையை மோப்பம் பிடிக்க விட்டார். காது மடல், விரல் இடுக்கு என்று நிதானமாகப் பார்த்தார். வேலை தெரிந்தவர் என்றே தோன்றியது. பாட்டிலில் லேபிள் இல்லையே என்று கேட்டதற்கு, "வேப்பெண்ணெய், மஞ்சள்தான் சார், கைக்குழந்தைக்கே போடலாம்" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் நாயை விட்டது. மருந்தைத் தடவிவிட்டு, "கழுவாதீங்க, தானா காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி நேரத்துக்குள் முதுகிலும் விலாவிலும் முடி திட்டுத் திட்டாகத் தூக்கி நின்றது. எதிர்த்திசையில் தடவினால் விரலுக்கடியில் வட்டவட்டத் தடிப்பு. அடுத்து கண் இமையும் உதடும் வீங்கி, மூக்கு கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தது. தோல் அலர்ஜியின் அப்பட்டமான அறிகுறி இது.

ஆப்பின் சாட்டில் என்ன பதில் தெரியுமா? முதலில் "சூட்டுக் கொப்புளம், தயிர் தடவுங்க". பிறகு "மெடிக்கல்ல ஏதாவது அலர்ஜி மாத்திரை வாங்கிக் குடுங்க". பாட்டிலில் என்ன இருந்தது என்று கேட்டால், "கம்பெனி ஃபார்முலா, சொல்ல முடியாது".

எனக்குக் கொதித்ததே இந்தப் பதிலில்தான். அமிட்ராஸ் மாதிரி உண்ணி மருந்துகளையும் இப்படித்தான் கழுவாமல் காயவிடுவார்கள். அது உடம்பில் அதிகம் சேர்ந்தால் நாய் மயங்கிச் சோர்ந்து தள்ளாடும், இதயத்துடிப்பு குறையும். அதற்கான வைத்தியம் வேறு, அலர்ஜிக்கான வைத்தியம் வேறு. பெயர் தெரியாமல் டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்?

அலர்ஜி மாத்திரை யோசனையும் ஆபத்துதான். மனிதர்களுக்கான சளி, அலர்ஜி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோ மூக்கடைப்பு மருந்தோ சேர்ந்திருக்கும், இரண்டுமே நாய்க்கு விஷமாகலாம். சில சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாயின் ரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். சரியான மாத்திரையே ஆனாலும் எடைக்குத் தகுந்த அளவை டாக்டர்தான் சொல்லணும். நிலைமை முற்றினால் மாத்திரை நிறுத்தாது, அட்ரினலின் ஊசிதான் வேண்டும்.

கடைசியில் டாக்டர் ஊசி போட்டு, பக்கத்திலேயே வைத்துப் பார்த்து அனுப்பினார். ₹2,350-ஐத் திருப்பிக் கேட்டால், "உங்க நாய்க்கு ஏற்கெனவே தோல் வியாதி இருந்திருக்கும்" என்று சொல்லி, அடுத்த குளியலுக்கு 10% கூப்பன் அனுப்பி, புகாரை மூடிவிட்டார்கள். ₹2,350 வாங்கின வாய்க்கு மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இது மட்டும். லேபிள் இல்லாத பாட்டிலை நாய் மேல் படவிடாதீங்க, லேபிள் இருந்தால் போட்டோ எடுத்து வைங்க. தடிப்பு தெரிந்ததும் பெல்ட்டைக் கழற்றுங்க. நாய் தெளிவாக நின்றால் வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் பத்து நிமிஷம் நன்றாக அலசுங்க. நக்க விட்டால் மருந்து வயிற்றுக்குப் போகும். ஈறை அழுத்தி எடுங்க: இரண்டு நொடியில் சிவப்பு திரும்பணும். வெளுத்தே இருந்தாலோ, வாந்தி, பேதி, தள்ளாட்டம், மூச்சிரைப்பு வந்தாலோ குளிப்பாட்டிக்கொண்டு நிற்காமல் உடனே ஓடுங்க. அலர்ஜி முற்றி வரும் அதிர்ச்சி நாய்க்குக் கல்லீரலையும் குடலையும்தான் பெரும்பாலும் தாக்கும், அதனால் மூச்சு சரியாக இருக்கிறதே என்று உட்காராதீங்க. ஊசி போட்ட அன்று ராத்திரி தனியாக விடாதீங்க, மருந்து வேகம் குறைந்ததும் வீக்கம் திரும்ப வரலாம்.