வேலூரில் ‘நியூ பார்ன் செட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரசவ நேரத்து அவசரத்தில், கடைவாசலில் தொங்கும் ‘நியூ பார்ன் பேபி செட்’டை அப்படியே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பைக்குள் என்ன வைத்துக் கட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் எந்தத் தெருவிலும் இந்தச் செட்டைப் பார்க்கலாம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. உள்ளே டயாபர் பாக்கெட், சோப்பு, பவுடர், எண்ணெய், வெட் வைப்ஸ், குல்லா, கையுறை, கிலுகிலுப்பை, ‘இலவசம்’ என்று ஒரு ஃபீடிங் பாட்டில். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்காகக் கடைப் பலகையில் பெங்காலியும் இந்தியும் இருக்கும். வாங்கினவர் ஊருக்குப் போய்விட்டால் சண்டைக்குத் திரும்பி வரவா போகிறார்? இவர்களுடைய வியாபாரமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது என்று இப்போது தோன்றுகிறது. நான் பக்கத்துக் காட்பாடிக்காரி, அதனால் திரும்பிப் போனேன்.

என் தங்கைக்குத் தலைப்பிரசவம். செட் 1,450 ரூபாய். பில் கேட்டேன். “பில்லு போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துடும்மா, இன்னாத்துக்கு வீணா?” என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார் கடைக்காரர். இது சுத்தப் பொய். பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை; பில் போடுவதால் அதற்கு மேல் ஒரு பைசா ஏறாது. கேட்டும் பில் தராமல் இருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். பணத்தை ஜிபேயில் கொடுத்ததால் தேதியும் தொகையும் போனிலும் இருந்தன.

முதலில் டயாபர். பாக்கெட்டின் மேல் ‘நியூ பார்ன்’ என்று ஒரு ஸ்டிக்கர். உள்ளே இருந்ததோ ‘எஸ்’ சைஸ். டயாபர் அளவு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து. நியூ பார்ன் என்றால் சுமார் 5 கிலோ வரை, எஸ் என்றால் கம்பெனியைப் பொறுத்து 4 முதல் 8 கிலோ வரை. எங்கள் குழந்தை 2.8 கிலோ. தொடையைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி, தொப்புள்கொடி மேல் வந்து உரசுகிற இடுப்புப் பட்டி. மடித்து இறக்கிக் கட்டினால் ஒட்டு நாடா ஒருமுறைக்கு மேல் பிடிக்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். இரவு அம்மா கழற்றும்போது குழந்தையின் தொடை மடிப்பில் ஊறின ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று மணிகள். “இன்னாடி இது, தொடச்சா போவ மாட்டேன்னுது?” என்று அம்மா விளக்கைப் போடச் சொன்னார். டயாபருக்குள் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் ஜெல் அது. ஒழுங்காகச் செய்த டயாபரில் பஞ்சோடு சேர்ந்து உள்ளேயே கிடக்கும். மேல் துணி பிரிந்திருந்தால் வெளியே கொட்டும். நாங்கள் பார்த்ததில் பாதிக்கு மேல் ஓரம் சரியாக ஒட்டவே இல்லை, பசை விட்டுப்போயிருந்தது. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் சரக்கைக் கிலோ கணக்கில் வாங்கி, புதுக் கவரில் அடைத்து விற்கிறவர்கள் உண்டு என்று பிற்பாடு வேறொரு கடைக்காரர் சொன்னார். எங்கள் பாக்கெட் அதுதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தயாரித்தவர் பெயரும் முகவரியும் அதில் எங்கேயும் இல்லை.

மறுநாள் இடுக்கெல்லாம் சிவந்துவிட்டது. குழந்தை டாக்டர் கூலாகத்தான் பேசினார். அந்த ஜெல் விஷமில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாலே போதும். டயாபரை நிறுத்திக் காற்றாட விடுங்கள், துத்தநாக ஆக்ஸைடு களிம்பு போடுங்கள் என்றார். நல்ல டயாபரானாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மலம் போனால் உடனே. செட்டில் இருந்த பவுடரைக் காட்டினதும் முகம் சுளித்தார். தட்டும்போது பறக்கிற தூள் குழந்தையின் மூச்சில் போகும், மடிப்பில் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி இன்னும் உரசும். வெட் வைப்ஸ் உள்ளேயே காய்ந்து கிடந்தது, வாசனை மட்டும் ஊரைத் தூக்கியது. அதைக் குப்பையில் போட்டோம்.

அடுத்தது சோப்பு. உறையின் பின்பக்கம் தயாரித்த மாதமும் காலாவதி மாதமும் இருக்க வேண்டிய இடத்தில் நீல மசி தீற்றல், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். தேதி அழிந்த சோப்பைப் பிறந்த குழந்தைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த விலை ஸ்டிக்கர். டயாபர் பாக்கெட்டில் 399 ரூபாய் என்று ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு நகத்தால் நெம்பினேன், முழுசாக உரிந்து வந்தது. அடியில் அச்சில் 299. கடைக்குப் போய்க் காட்டினால் மனுஷர் அசரவே இல்லை. “ஜிஎஸ்டி மாறிச்சு இல்ல, அதான் புது ஸ்டிக்கர்” என்றார். ஜிஎஸ்டி மாறியது உண்மைதான். குழந்தை டயாபருக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. சோப்பு, பவுடர், ஷாம்பூவுக்கு 18லிருந்து 5. வரி இறங்கினால் விலை இறங்க வேண்டும், இவர் கடையில் மட்டும் நூறு ரூபாய் ஏறியிருக்கிறது! அச்சிட்ட எம்ஆர்பியைக் குறைத்துக் காட்ட ஸ்டிக்கர் ஒட்டலாம், கூட்டி ஒட்டக் கூடாது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் இது இருக்கிறது. தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர் முகவரி, உள்ளே எத்தனை எண்ணம், மாதம் வருடம், எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு தொடர்பு, இவ்வளவும் பாக்கெட் மேல் இருந்தே ஆக வேண்டும். பல பொருளைச் சேர்த்துச் செட்டாகக் கட்டினாலும் இதே கதைதான். எங்கள் பை மேல் ஒரு கரடி பொம்மைப் படம் மட்டுமே இருந்தது.

“கொயந்த பொருளு, பிரிச்சிட்டா திருப்பி எடுக்க மாட்டோம்” என்று சுவரில் இருந்த போர்டைக் கைகாட்டினார். பிரிக்காமல் உள்ளே இருக்கும் ஓட்டையை எப்படிப் பார்ப்பது? பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே 2019 சட்டப்படி முறையற்ற வணிகம்தான். போர்டு மாட்டினால் சட்டம் மாறிவிடாது. அங்கேயே நின்று 1915க்குப் போன் போட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழில் பேசலாம். நான் ஸ்டிக்கர் விவரத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, கல்லாவில் இருந்த அவர் மகன் எழுந்து வந்து, “அக்கா, வெளிய போய்ப் பேசுங்க, டயாபருக்கும் சோப்புக்கும் காசு குடுத்துர்றேன்” என்றான். அந்த இரண்டுக்கு மட்டும் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு இல்லை. செட்டுகள் அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

அந்த இலவச பாட்டில் விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். தாய்ப்பாலைக் காப்பதற்காக 1992இல் வந்த சட்டம், ஃபீடிங் பாட்டிலை விளம்பரம் செய்வதையும் இலவசமாகக் கொடுத்து ஆசை காட்டுவதையும் தடை செய்கிறது. சும்மா வருகிறதே என்று சந்தோஷப்பட அதில் ஒன்றும் இல்லை.

உண்மையில் முதல் சில வாரங்களுக்கு இந்தப் பையில் இருப்பதில் முக்கால்வாசி தேவையே இல்லை. பிறந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் முதல் குளியல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொப்புள்கொடி விழும் வரை ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் போதும், கொடியைச் சுற்றி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், பவுடரோ எண்ணெயோ அங்கே வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் காய வைத்து, பகலெல்லாம் அதையே கட்டுகிறோம். வேலூர் வெயிலில் துணி அரை மணியில் காய்ந்துவிடுகிறது. இந்த ஊர் வெயிலால் கிடைத்த ஒரே உபகாரம். இரவுக்கு மட்டும் மருந்துக்கடையில் பில்லோடு வாங்கின சின்ன டயாபர் பாக்கெட். குழந்தை வேகமாக எடை போடும் சமயம் என்பதால் பெரிய பாக்கெட் வாங்கினால் பாதி மீந்துபோகும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் துண்டு, சட்டை, சோப்பு, கொசுவலை எல்லாம் சேர்த்து அரசே ஒரு பெட்டகம் தர ஒரு திட்டம் உண்டு. 2015இல் தொடங்கினது. அது கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வெளியே என்ன வேண்டும் என்று யோசியுங்கள்.

எம்ஆர்பி, முகவரி சம்பந்தமான புகாரை நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவுதான் பார்க்கிறது. வேலூரில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரி செட் வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் டயாபர் பாக்கெட்டின் விலை ஸ்டிக்கரை எண்ணெய் தடவி உரித்துப் பாருங்கள். உரிப்பதற்கு முன்பு ஒரு போட்டோ, உரித்த பின்பு ஒரு போட்டோ. கவரையும் சோப்பு உறையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மனுவோடு அதைத்தான் கேட்பார்கள்.