கே.கே. நகர் தர மேலாண்மை வகுப்பு: போகலாமா?

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் பட்டறை நடத்துகிறேன். ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் கேட்டு வாடிக்கையாளர் நச்சரித்ததால் இந்த வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். பிரஸ் ஆபரேட்டரையும் கூட்டிப் போனேன்.

காலையில் வரலாறு. ஸ்டாப்வாட்சோடு வேலையை அளந்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லர், 1911-இல் வந்த அவர் புத்தகம் எல்லாம் மளமளவென்று முடிந்தது. அதில் நஷ்டமில்லை. 1924-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பெனியில் ஷூவார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்துக்கு (கன்ட்ரோல் சார்ட்) வந்ததும்தான் சூடுபிடித்தது. ஆசிரியர் எங்கள் வாஷர்களையே வாங்கி, டயல் கேஜில் தடிமன் அளந்து, ஐந்தைந்தாகச் சராசரி எடுத்துப் பலகையில் புள்ளி வைத்தார். மேல் எல்லைக் கோட்டுக்கும் கீழ் எல்லைக் கோட்டுக்கும் நடுவே புள்ளிகள் தாறுமாறாக ஆடினால் அது இயல்பு. அதற்கு ஆளைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கோட்டைத் தாண்டினால் காரணம் தேடுங்கள் என்றார். ஆபரேட்டர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்! 1950-இல் அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் டெமிங் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு எடுத்த பாடத்திலும் இதுதான் அடிப்படை.

மதியம் அந்தச் சான்றிதழுக்கான தர விதிமுறை, ஐ.எஸ்.ஓ. 9001. ஸ்லைடை அப்படியே வாசித்தார்கள். 1987 பதிப்புக்கும் 2015 பதிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நோட்ஸில் இருக்கிறதாம். நோட்ஸில் இல்லை. டீ பரவாயில்லை, கட்டணம் கொஞ்சம் ஜாஸ்தி. சான்றிதழுக்காக மட்டும் என்றால் வேண்டாம். சூப்பர்வைசரைக் காலை வகுப்புக்கு மட்டும் அனுப்புங்கள்.