கோட் சூட்டும் பனிச்சேறும்: டொராண்டோவில் ஆறு குளிர்காலக் காலணி அனுபவம்

2018 நவம்பரில் டொராண்டோவில் வந்து இறங்கியபோது என் பெட்டியில் இருந்த ஒரே நல்ல ஷூ, கல்யாணத்துக்கு வாங்கிய ஆம்பூர்த் தயாரிப்பு. கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு, தோல் சோல். நடந்தால் டக் டக் என்று சத்தம் வரும். அதற்காகவே எனக்குப் பிடிக்கும். என் வேலை தணிக்கை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குப் போக வேண்டும். அந்த நாட்களில் கோட் சூட் கட்டாயம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள், பனியே பெய்யாத காலை. வீட்டு வாசலில் கார் ஏறி இறங்கும் சரிவு லேசாக நனைந்திருப்பதுபோல் தெரிந்தது. நனைந்திருக்கவில்லை, உறைந்திருந்தது. கால் வைத்ததுதான் தெரியும், அடுத்த நொடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் குடியிருந்தேன். மேலே இருந்த வீட்டுக்கார அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊரில் பல வருடக் குளிர் கண்டவர். ஓடிவந்து தூக்கிவிட்டு, என் காலைப் பார்த்தார். "தம்பி, உந்தச் சப்பாத்தோட வெளிய இறங்காதையும்" என்றார். வால் எலும்பு ஒரு மாதம் வலித்தது. ஷூவைக் குறை சொல்ல முடியாது. வழவழப்பான தோல் சோலுக்கும் ஐஸுக்கும் இடையில் பிடிப்பு என்று ஒன்று எப்படி இருக்கும்?

முதலில் நான் பயந்தது பனியைப் பார்த்து. அது தப்பான எதிரி. மைனஸ் 15-இல் விழும் பனி காய்ந்த மாவு மாதிரி. ஷூவில் ஒட்டினாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். தொல்லை தருவது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் நாட்கள்தான். நடைபாதையில் கொட்டிய உப்பு பனியைக் கரைத்து, பழுப்பு நிறத்தில் கூழாக்கி வைத்திருக்கும். ஸ்லஷ் என்று எல்லாரும் சொல்லும் அந்தப் பனிச்சேறு, சாலையைக் கடக்கும் இடங்களில் கணுக்கால் ஆழத்துக்கு நிற்கும். தோல் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயும்போது, ஈரம் போய்விடும், உப்பு மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். அதைத் துடைக்காமல் விட்டால் தோல் விறைத்து, மடியும் இடத்தில் வெடிக்கும். அதனால் இங்கே சூட்டுக்கு ஷூ தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது உப்பைத் தாங்குமா என்பதை. குளிர் அதற்கு அடுத்ததுதான்.

விழுந்த மறுவாரமே எல்லாரும் செய்வதைச் செய்தேன்: முழங்காலுக்குப் பாதி வரும் கனத்த பனி பூட், பையில் ஆக்ஸ்ஃபோர்டு. அலுவலகம் போய் மாற்றிக்கொள்வது. இரண்டு குளிர்காலம் இப்படி ஓட்டினேன். கால் காய்ந்து, சூடாக இருக்கும். வழுக்கியதும் குறைவு. தினம் ஒரே அலுவலகத்துக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். எனக்குத்தான் ஒத்துவரவில்லை. வாடிக்கையாளர் அலுவலக வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, சாக்ஸோடு காலை நீட்டி, சொட்டும் பூட்டைப் பிளாஸ்டிக் பையில் திணிப்பது பார்க்க அழகான காட்சி இல்லை. ஒருநாள் பையில் ஷூ வைக்க மறந்துவிட்டேன். கரிநீலச் சூட், பட்டு டை, காலில் மீன் பிடிக்கப் போகிறவன் பூட். இரண்டு மணி நேரக் கூட்டம் முழுக்கக் கால்களை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன்.

அப்புறம் கொரோனா. ஒரு குளிர்காலம் முழுக்க மேலே சட்டை, கீழே லுங்கி. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி அலுவலகம் திறந்தபோது ரப்பர் மேலுறைக்கு மாறினேன். ஷூவுக்கு மேலேயே மாட்டும் ரப்பர் ஷூ. காலோஷ் என்று கடையில் சொல்வார்கள். நான் வேலைக்குப் போகும் பாதை இதற்கு ரொம்பப் பொருத்தம். வீட்டிலிருந்து அஜின்கோர்ட் ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிட நடை, கோ என்னும் புறநகர் ரயிலில் நகர மையத்து யூனியன் ஸ்டேஷன், அங்கிருந்து பாத் என்னும் சுரங்க நடைபாதை. நகர மையத்துக் கட்டிடங்களின் கீழே 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது அது. யூனியனில் இறங்கியதும் மேலுறையைக் கழற்றிப் பையில் போட்டால், அலுவலகம் வரை ஷூ பளபளப்போடு நடக்கலாம். ஷூவை உப்பிடமிருந்து காப்பாற்ற இதற்கு மிஞ்சியது கிடையாது.

ஆனால் மாட்டுவது ஒரு வித்தை. முதலில் நுனியை நுழைத்து, பிறகு குதிகால் பக்கம் இருக்கும் நாடாவை இழுக்க வேண்டும். ஒற்றைக் காலில், கூட்டமான ரயில் வாசலில் இதைச் செய்து பாருங்கள். கழற்றும்போது கை முழுக்க உப்புச் சேறு. பையில் எப்போதும் ஒரு பழைய துண்டு வைத்திருக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய மெல்லிய ரகம் இரண்டாம் வருடம் குதிகாலில் கிழிந்தது. கொஞ்சம் தடித்த ரகம் இப்போது நான்காவது வருடம் ஓடுகிறது. ஷூவின் முனை சதுரமாகவோ நீளமாகவோ இருந்தால் அங்கே ரப்பர் இழுபட்டு முதலில் நைந்துபோகும். குளிருக்கும் இது பாதுகாப்பு இல்லை. மைனஸ் 20-இல் உள்ளே இருக்கும் மெல்லிய தோல் ஷூ ஐஸ் பெட்டிதான். குட்டை ரகம் ஷூவின் வாய் வரைக்கும்தான் மூடும். 2025 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு பெரும்பனி கொட்டி, நகரம் அரை மீட்டருக்கு மேல் புதைந்ததே, அந்த வாரம் என் மேலுறை பையிலேயே தூங்கியது.

அந்த வாரம் கைகொடுத்தது 2022 கடைசியில் வாங்கிய கணுக்கால் பூட். கறுப்பு, முனையில் எந்த வேலைப்பாடும் இல்லாதது, லேஸ் கட்டுவது, ரப்பர் சோல். பேன்ட் விழுந்து மூடிவிட்டால் வெளியே தெரிவது முனை மட்டும்தான். யாரும் பூட் என்று கண்டுபிடிப்பதில்லை. வாங்கும்போது கடைக்காரர் பொத்தல் வேலைப்பாடு செய்த ப்ரோக் ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார். அழகுதான், ஆனால் அந்தப் பொத்தல் ஒவ்வொன்றிலும் உப்பு போய் உட்காரும், பல் குத்துவதுபோல் குத்தி எடுக்க வேண்டும். இன்னொன்று, நாக்குப் பகுதி இரண்டு பக்கமும் மேல்தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். தைக்காத நாக்கின் ஓரம் வழியாகத்தான் பனிச்சேறு உள்ளே வரும். இந்தச் சின்ன விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, முதல் ஜோடியைத் திருப்பிக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அளவு அரை எண் பெரிதாக வாங்கினேன், கம்பளி சாக்ஸுக்காக. இறுக்கமான பூட்டில் எவ்வளவு தடிமன் சாக்ஸ் போட்டாலும் விரல் விறைக்கும்.

பிடிப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், விழுந்தவன் என்பதால். சோலில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் வழுக்காது என்று நானும் நம்பியிருந்தேன். பனியில் சரி. ஈர ஐஸில் அது பெரிதாக உதவாது, அங்கே ரப்பரின் தன்மைதான் பேசும். டொராண்டோ மறுவாழ்வு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தரை முழுக்க ஐஸ். ஆளைக் கயிற்றுக் கச்சையில் மாட்டி நடக்கவிட்டு, அறையையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள், கால் வழுக்கும்வரை. 7 டிகிரி சாய்வு தாங்கினால் அந்தக் காலணிக்குத் தர அடையாளமாக ஒரு பனிப்பூ, 15 டிகிரி தாங்கினால் மூன்று. 7 டிகிரி என்பது நடைபாதை சாலையில் இறங்கும் சரிவின் கணக்கு. 2016-இல் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த 98 வகைப் பனிக்காலக் காலணிகளில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதைப் படித்தபோது என் வால் எலும்புக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதில் நன்றாகத் தேறியவை, ரப்பரோடு சொரசொரப்பான பொருள் கலந்த சோல்கள். கோட் சூட்டுக்குப் பொருந்தும் பூட்டில் அந்த மாதிரி சோல் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் என் பூட்டின் சோல் தேய்ந்தபோது, ஷூ ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் சொல்லி அந்த ரகத்தை ஒட்டித் தைக்கச் செய்தேன். 160 டாலர். கொஞ்சம் வலித்தது. ஆனால் வாசல் சரிவில் இப்போது சுவரைப் பிடிக்காமல் இறங்குகிறேன். அடிப்பாகம் தைத்த பூட்டாக இருந்ததால்தான் சோல் மாற்ற முடிந்தது; வெறுமனே ஒட்டிய மலிவு ரகத்தில் பலர் இந்த வேலையை எடுத்துக்கொள்வதே இல்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீடு வந்ததும் ஈரத் துணியால் துடைக்கிறேன். வெள்ளைக் கோடு வந்துவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, காய்ந்தபின் கிரீம். ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே கூடாது, தோல் அப்பளமாகிவிடும். உள் ஈரத்துக்குச் செய்தித்தாள் திணிப்பேன். தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகைகள் இதற்கு மிகச் சரியான தடிமன். ராசிபலன் பக்கம் இடது பூட்டுக்கு, வீடு விற்பனை விளம்பரங்கள் வலது பூட்டுக்கு.

பேன்டையும் கவனிக்க வேண்டும். கீழ்ப் பக்கம் ரொம்பக் குறுகலாகத் தைத்திருந்தால் பூட்டின் மேல் விழாமல் கழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். பார்க்கச் சாக்குப்பை கட்டியதுபோல் இருக்கும். எனக்கு 19 சென்டிமீட்டர் அகலம் சரியாக வந்தது. நீளத்தை ஒரு விரற்கடை குறைத்தேன், குதிகால் பக்கம் சேற்றைத் தொடாமல் இருக்க.

லேஸ் பூட்டின் ஒரே பெரிய குறை நம் வாழ்க்கைக்குத்தான். கனடாவில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்ற வேண்டும், கோயிலிலும் அப்படியே. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் தை மாதக் கூட்டத்தில், பின்னால் பத்துப் பேர் நிற்க, குனிந்து ஆறு ஜோடிக் கண்ணிகளில் லேஸ் அவிழ்த்தவனுக்குத்தான் தெரியும். அவிழ்த்து எழுந்தால் யாரோ விட்டுப்போன சேற்றுக் குட்டையில் சாக்ஸ் கால். செல்சீ பூட் என்றால் இழுத்துப் போட்டு உதறிவிடலாம். ஆனால் அதன் இரு பக்க எலாஸ்டிக் வழியாகத் தண்ணீர் ஊறும். நண்பர் ஒருவருடையதை ஒரு பனிச்சேற்று நாள் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதனால் கோயில், கல்யாண மண்டபம் என்றால் மறுபடி ஆக்ஸ்ஃபோர்டும் மேலுறையும், மற்ற நாளெல்லாம் பூட்.

அந்த ஆம்பூர் ஷூவா? அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. கீழே மெல்லிய ரப்பர் ஒட்டியதால் டக் டக் சத்தம் போய்விட்டது. இடது முனையில் முதல் வருடத்து உப்புக் கோடு மட்டும் எத்தனை முறை வினிகர் போட்டும் போகவில்லை. இந்த வருடம் பக்கவாட்டில் ஜிப் வைத்த பூட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஜிப்புக்கு உள்ளே தோல் மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று கடையில் போய்த் திருப்பிப் பார்த்த பிறகுதான் காசு.