வாய்க்காலா, ஆறா? பீஷான் – அங் மோ கியோ பூங்கா

பல வருடங்களாக மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது போய்வரும் இடம் இது. சிங்கப்பூர்ப் பூங்காக்களுக்கு இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் விளையாட நல்ல இடம், கார் நிறுத்த வசதி உண்டு என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்கு அது போதாது. இந்தப் பூங்காதான் வட்டாரத்தின் வெள்ள வடிகாலும். நீங்கள் பாய் விரித்து உட்காரும் புல்வெளி, கனமழை கொட்டும் நாளில் ஆற்றுப் படுகை ஆகிவிடும். இதைத் தெரிந்துகொண்டு போனால் நீங்கள் பார்க்கும் இடமே வேறாக இருக்கும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் கூட்டிப்போனேன். கும்பகோணம் பக்கத்தில் வாய்க்கால் கரையிலேயே வளர்ந்தவர். வளைந்து போகும் தண்ணீர், கரையெல்லாம் செடி, நடுவில் கால் வைத்துத் தாண்டக் கற்கள், எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது வாய்க்காலாடா, ஆறாடா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொன்னேன். நம்பவில்லை. அப்புறம் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னேன், இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

காலாங் ஆறு லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் கிளம்பி, சுமார் 10 கிலோமீட்டர் ஓடி, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு இதுதான். வெள்ளம் சீக்கிரம் வடியட்டும் என்று அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் ஆற்றை நேராக்கி கான்கிரீட் கால்வாய் ஆக்கிவிட்டார்கள். 1988இல் பக்கத்திலேயே பீஷான் பூங்கா வந்தது. ஆனால் பூங்காவுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது, பூங்காவுக்கு வந்தவர்கள் கால்வாயை எட்டிப் பார்த்ததோடு சரி. கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. வெள்ளம் ஒரு அலுவலகத்தின் கவலை, மரமும் புல்லும் இன்னொரு அலுவலகத்தின் கவலை என்றுதான் எந்த ஊரிலும் பிரித்து வைத்திருப்பார்கள்.

2006இல் “துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள்” என்ற திட்டம் வந்தது. அதே காலத்தில் கால்வாய்க்கும் வயதாகிவிட்டது, கூடுதல் மழைநீரைத் தாங்குகிற மாதிரி அதைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. பூங்காவையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு ஒப்பந்தம் போட்டுத் தனித்தனியாகச் செய்து முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் இரண்டு கழகங்களும் சேர்ந்து, கால்வாயை உடைத்து ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே ஓடவிட்டார்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்த ஆறாக மாறியது. 62 ஹெக்டேர் பூங்கா 2012 மார்ச்சில் மறுபடியும் திறக்கப்பட்டது. நிலையான வளர்ச்சி, சுற்றுச்சூழல் மேலாண்மை என்று கூட்டங்களில் நிறையப் பேசுகிறார்கள், எனக்கு அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் புரிந்தது இந்தக் கரையில் நடந்தபோதுதான். கட்டிமுடித்த பிறகு ஓரமாக நாலு மரம் நடுவது வேறு, திட்டம் போடும்போதே தண்ணீரையும் மண்ணையும் மனிதர்களையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வேறு.

கரையை நிதானமாகப் பாருங்கள். கான்கிரீட் சுவர் கண்ணில் படாது, ஆனால் மண் சும்மாவும் நிற்கவில்லை. குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் புதைப்பது, கம்பி வலைக்குள் கல் அடுக்குவது, மண்ணைத் துணிப்பாயில் சுற்றி அடுக்கி அதன்மேல் செடி வைப்பது என்று பல முறைகள். வேர் பிடிக்கப் பிடிக்கக் கரை கெட்டிப்படும். சிங்கப்பூருக்கு இது புதுசு என்பதால் முதலில் ஒரு சின்ன ஓடையில் 60 மீட்டர் நீளத்துக்குப் பத்து முறைகளைச் செய்து பார்த்து, அதில் ஏழு முறைகளைத்தான் ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் அம்மா, “வாய்க்கால் கரையில நாணல் இருந்தா மண்ணு போகாதுன்னு எங்கப்பாவே சொல்லுவாரு” என்றார். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மழை நாள் அனுபவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு டிசம்பர் மதியம் நானும் மகளும் கற்களைத் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தோம், வானம் இருண்டது, முதல் தூறல் விழுந்ததுமே மேட்டுக்கு ஏறிவிட்டோம். சற்று நேரத்தில் நாங்கள் நின்ற கற்கள் தண்ணீருக்குள் போய்விட்டன, அப்புறம் புல்வெளியின் ஓரமும் போனது. முன்பு அதிகபட்சம் 24 மீட்டர் அகலம் இருந்த நீர்வழி, இப்போது வெள்ளத்தில் 100 மீட்டர் வரை விரிய இடம் இருக்கிறது. கால்வாயில் இருந்ததைவிட இங்கே தண்ணீர் மெதுவாக, பரவி ஏறுகிறது, விலகிப்போக நமக்கு நேரம் கிடைக்கிறது. நீர்மட்டத்தைக் கவனிக்கும் கருவிகள், எச்சரிக்கை விளக்கு, சைரன், குரல் அறிவிப்பு எல்லாம் உண்டு. இருந்தாலும் பிள்ளைகளோடு போகிறவர்கள் சைரனுக்காகக் காத்திருக்காதீர்கள். மேகம் கறுத்தால் மேலே ஏறிவிடுங்கள், மேற்கே எங்கோ பெய்த மழைகூட இங்கே வந்து சேரும்.

குளங்கள் இருக்கும் பக்கத்தைப் பலர் எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். மேரிமவுண்ட் சாலை பூங்காவை இரண்டாகப் பிரிக்கிறது, ஒரு பக்கம் ஆற்றுச் சமவெளி, மறுபக்கம் குளங்கள். அங்கே பாத்தி பாத்தியாகச் செடி நட்டு, குளத்துத் தண்ணீரை அதன் வழியே விட்டுச் சுத்தம் பண்ணுகிறார்கள், ரசாயனம் கிடையாது. பிள்ளைகளின் நீர் விளையாட்டுத் திடலுக்கும் அந்தத் தண்ணீர்தான், புற ஊதா ஒளியால் இன்னொரு முறை சுத்திகரித்த பிறகு. ஆற்றுப் பக்கத்தில் உடைத்த கால்வாயின் கான்கிரீட் துண்டுகளை வைத்தே ஒரு மேடு எழுப்பியிருக்கிறார்கள். அதில் ஏறி நின்றால் ஆறு முழுதாகத் தெரியும், அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.

நீர்நாய்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மகள் கோபித்துக்கொள்வாள். யாரும் கொண்டுவந்து விட்டவை இல்லை, இடம் சரியாக இருந்ததால் தாமாகவே வந்தவை. “பீஷான் குடும்பம்” என்று பெயர் வாங்கி, பிறகு மரினா பே வரைக்கும் போய்க் குடியேறி ஊர் முழுக்கப் பிரபலமாகிவிட்டது ஒரு கூட்டம். நிச்சயம் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. கொக்கு, நாரை, மீன்கொத்தி காலையில் அநேகமாகக் கண்ணில் படும்.

மனதுக்கு உறுத்துவதையும் சொல்கிறேன். மரினா, பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்கள் வந்த பிறகு சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, மழைநீரைப் பிடித்துக் குடிநீர் ஆக்கும் பகுதி. இந்த ஆற்றுத் தண்ணீரும் அதில் சேர்த்தி. வார இறுதியில் சிலர் கரையிலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், மீனுக்கு ரொட்டி வீசுகிறார்கள். போய்ச் சேரும் இடம் நம் வீட்டுக் குழாய்தான். அப்புறம், பூங்காவைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் நடந்தால் மறுபடியும் கான்கிரீட் கால்வாய் வந்துவிடுகிறது. கரையை ஒட்டியே வீடுகள் நிற்கும் இடத்தில் ஆறு விரிய எங்கே போகும்? பக்கத்திலேயே வீடுகள் இல்லாமல் இவ்வளவு பெரிய பூங்கா இருந்ததால்தான் இது முடிந்தது. மற்ற ஊர்களும் இதை அப்படியே செய்யலாம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஆற்றுக்கு இடம் வேண்டுமென்றால் அந்த இடத்தை முன்கூட்டியே விட்டுவைத்திருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: அனுமதி இலவசம். அங் மோ கியோ, பீஷான் இரண்டு ரயில் நிலையங்களிலிருந்தும் நடக்கலாம், வெயிலில் சின்னப் பிள்ளைகளோடு என்றால் பஸ் நல்லது. ஆற்றோரப் புல்வெளியில் நிழல் குறைவு, காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். உள்ளே சாப்பாட்டுக் கடை உண்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும், நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுவோம். பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி கட்டாயம் எடுத்துப்போங்கள். அம்மா அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டார், வீட்டுக்குக் கிளப்ப எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.