ஸ்பானிய மிஷன்கள்: சான் அன்டோனியோவா, கலிஃபோர்னியாவா, டூசானா?

அமெரிக்காவில் ஸ்பானியர் காலத்து மிஷன்களைப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் கலிஃபோர்னியாவைத்தான் சொல்வார்கள். கடலோரம், வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, முற்றத்தில் நீரூற்று என்று நாம் படங்களில் பார்த்துப் பழகிய அழகு அது. நானும் முதலில் அங்கேதான் போனேன். அப்புறம் டெக்சஸின் சான் அன்டோனியோ. கடைசியாக அரிசோனாவில் டூசான் பக்கத்திலுள்ள சான் சேவியர். மூன்றையும் பார்த்து முடித்தபோது என் வரிசை தலைகீழாகிவிட்டது. ஒரே ஒரு பயணத்துக்குத்தான் லீவும் காசும் இருக்கிறது என்றால் சான் அன்டோனியோ போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மிஷன் என்றதும் தேவாலயம் மட்டும் நினைவுக்கு வந்தால் பாதிதான் வந்திருக்கிறது. ஸ்பானிய அரசும் துறவிகளும் சேர்ந்து உண்டாக்கிய முழு ஊர் அது. கோவில், துறவிகள் மடம், தானியக் களஞ்சியம், தறிக் கூடம், கொல்லுப்பட்டறை, வயல், மாட்டுப் பண்ணை, சுற்றுமதில் எல்லாம் சேர்ந்ததுதான் மிஷன். அதற்குள் குடியேற்றப்பட்டவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். கல் சுமந்ததும் ஏர் பிடித்ததும் அவர்கள்தான். அதனால் என் அளவுகோல் ஒன்றுதான். அங்கே போய் நின்றால் அந்த ஊர் எப்படி இயங்கியது, யார் கையால் இயங்கியது என்பது தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கில் சான் அன்டோனியோவை மிஞ்ச ஆளில்லை. 1718-ல் தொடங்கிய சான் அன்டோனியோ தெ வலேரோதான் இன்று அலமோ என்று எல்லோரும் சொல்லும் இடம். 1720-ல் சான் ஹோசே வந்தது. கிழக்கு டெக்சஸில் நிலைக்காமல் போன மூன்று மிஷன்களை 1731-ல் இதே சான் அன்டோனியோ ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள்: கொன்செப்சியோன், சான் ஹுவான், எஸ்பாதா. ஐந்தும் ஒரே ஊரில், ஒரே ஆற்றோரம். 2015-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அலமோ தவிர மற்ற நான்கும் தேசியப் பூங்காவின் பொறுப்பில் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் கிடையாது. நான்கிலும் இன்றும் ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கிறது.

ஆனால் என் மனதில் நிற்பது கோவில்கள் அல்ல, வாய்க்கால். எஸ்பாதாவுக்குக் கொஞ்சம் வடக்கே பியட்ராஸ் என்று ஓர் ஓடை. அதன் மேல் இரண்டு வளைவுகளோடு ஒரு கல் தொட்டிப்பாலம். 1740-களில் கட்டியது. கீழே ஓடை போக, மேலே வாய்க்கால் தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் அங்கே அழைத்துப் போயிருந்தேன். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விவசாயம் பார்த்தவர். அதுவரை கோவில்களைச் சுற்றி வந்தபோது மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தொட்டிப்பாலத்தைக் கண்டதும் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "தண்ணிய எங்கேருந்துடா திருப்பறாங்க?" என்று கேட்டார். மேலே ஆற்றில் இருக்கும் அணையைக் காட்டும் வரை காரில் ஏறவில்லை. அணையிலிருந்து வாய்க்காலை ஆற்றைவிடக் குறைந்த சரிவில் கொண்டுபோயிருக்கிறார்கள். போகப்போக ஆறு தாழ்ந்துவிடும், வாய்க்கால் உயரத்திலேயே நிற்கும், வயலுக்குத் தானாகப் பாயும். அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்தான் எனக்கு விளக்கினார்.

இதுபோல ஏழு வாய்க்கால்கள், மொத்தம் சுமார் 15 மைல் நீளம், ஏறத்தாழ 3,500 ஏக்கர் பாசனம். அசெக்கியா என்று அங்கே சொல்கிறார்கள். ஸ்பெயினை ஆண்ட அரபு முஸ்லிம்களிடமிருந்து ஸ்பானியர் கற்றது இந்த வேலை. சொல்லே அரபிலிருந்து வந்ததுதான். அதை டெக்சஸ் மண்ணில் வெட்டியவர்கள் கோவவில்டெக்கன் என்று பொதுப்பெயரால் அழைக்கப்படும் பல சிறு குழுக்களின் மக்கள். முந்நூறு வருடத்துக்கு அருகில் ஆகியும் எஸ்பாதா வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்றால், அவர்கள் உழைப்புக்கு இதைவிட நேரடிச் சாட்சி எதுவும் வேண்டாம்.

கோவில்களையும் ஒதுக்கிவிட முடியாது. கொன்செப்சியோன் 1755-ல் அர்ச்சிக்கப்பட்ட கல் கோவில், பெரிதாக எதையும் இடித்துக் கட்டாமல் நிற்கிறது. பக்கத்து மடத்து அறை ஒன்றின் கூரையில் மீசை வைத்த சூரிய முகம் ஒன்று வரைந்திருக்கும். அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். சான் ஹோசே இதற்கு நேர்மாறு. 1874-ல் குவிமாடமும் கூரையும் விழுந்தன, 1928-ல் மணிக்கோபுரம் சரிந்தது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1930-களில் திரும்பக் கட்டியது. ஆனாலும் மதிலை ஒட்டி வரிசையாக இருக்கும் பூர்வகுடிக் குடும்பங்களின் அறைகளுக்குள் குனிந்து நுழைந்தால்தான் அந்த ஊரின் அளவு புரியும். தண்ணீரில் சுழலும் மாவரைக்கும் கல்லும் அங்கேயே இருக்கிறது. ரோஜா ஜன்னல் என்று பேர்பெற்ற கல் செதுக்கல் 1775 வாக்கில் செய்தது. காதலியைக் கடலில் இழந்த சிற்பி செதுக்கினான் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

அலமோவைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்சஸ் மெக்சிகோவிலிருந்து பிரிய நடத்திய 1836 போரின் நினைவு அதன் மிஷன் காலத்தை முழுசாக மூடிவிட்டது. நகர நடுவில், கூட்ட நெரிசலில், மிஷன் என்று உணர்வதற்கே கஷ்டப்பட வேண்டும். நேரம் குறைவென்றால் அலமோவுக்கு அரைமணி போதும், மீதியை ஆற்றோரம் தெற்கே செலவிடுங்கள்.

இப்போது கலிஃபோர்னியா. 1769-ல் சான் டியேகோவில் தொடங்கி 1823-ல் சோனோமாவில் முடிந்த 21 மிஷன்கள், இடையில் ஏறத்தாழ 600 மைல். இங்கேதான் சிக்கல். பலவற்றைப் பார்க்க நினைத்தால் பாதி நேரம் காரிலேயே போய்விடும். போய்ச் சேர்ந்தால் பல இடங்களில் பழைய மிஷன் இருக்காது. சான்டா கிளாராவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் மிஷனைத் தினமும் கடந்து போவார்கள். அந்தக் கோவில் 1926-ல் எரிந்து, 1928-ல் புதிதாகக் கட்டியது. சான்டா குரூசில் இருப்பது பழையதன் பாதி அளவு மாதிரி. நிலநடுக்கமும் தீயும் மண்சுவரை விட்டுவைக்கவில்லை. சுடாத பச்சைச் செங்கல், ஓடு போனால் மழையில் கரைந்துவிடும்.

இருந்தாலும் மூன்று இடங்களுக்காகக் கலிஃபோர்னியாவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, லொம்பாக் பக்கத்திலுள்ள லா புரீசிமா. 1812 நிலநடுக்கத்தில் முதல் ஊர் அழிந்து வேறிடத்தில் எழுப்பியது. பிறகு அதுவும் பாழாகி, 1934-லிருந்து வேலையில்லா இளைஞர்களுக்கான அரசுத் திட்டத்தில் பழைய முறையிலேயே மண்கல் அறுத்து மறுபடி கட்டினார்கள். ஆக, முழுக்க மறுகட்டுமானம். அப்படியும் சொல்கிறேன், அது பொய்யாகப் படவில்லை. சுற்றிலும் வீடு, கடை எதுவும் தெரியாது. கழுதையும் ஆடும் மேயும், தோல் பதனிட்ட தொட்டி, கொழுப்பு காய்ச்சிய இடம் எல்லாம் பார்க்கலாம். கோவிலுக்குள் பெஞ்சு கிடையாது. ஜனங்கள் தரையில் நின்றும் மண்டியிட்டும்தான் பூசை கண்டார்கள் என்பது அந்த வெறுந்தரையைப் பார்த்தால் உறைக்கும். 1824-ல் பக்கத்துச் சான்டா இனெஸ் மிஷனில், அந்தப் பகுதிப் பூர்வகுடியான சூமாஷ் இளைஞன் ஒருவனை அடித்ததிலிருந்து கிளம்பிய எழுச்சியில், சூமாஷ் மக்கள் இந்த லா புரீசிமாவைக் கைப்பற்றி ஒரு மாதத்துக்கு அருகில் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, சான் ஹுவான் பாட்டிஸ்டா. சான் ஹோசே நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சான் ஆன்ட்ரியாஸ் நிலப்பிளவின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. தரை ஓடுகளில் விலங்குகளின் காலடித் தடங்கள் இருக்கும். வெயிலில் காயவைத்த ஈர ஓட்டின் மேல் அன்றைக்கு ஏதோ ஒன்று ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தேடுவார்கள், விடுங்கள். பிறகு பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அந்தச் சின்ன இடத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, சான் ஹுவான் கபிஸ்திரானோ. 1806-ல் முடித்த பெரிய கல் கோவில் ஆறே வருடத்தில், 1812 டிசம்பர் 8 காலைப் பூசை நேரத்தில், நிலநடுக்கத்தில் சரிந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். திரும்பக் கட்டவே இல்லை. பாதி உடைந்த கூரை வளைவின் கீழ் நின்றால் பேச்சு வராது. கட்டணம் உண்டு, கூட்டமும் உண்டு. காலையில் திறந்ததும் போய்விடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியா மிஷன்களின் பூந்தோட்டங்கள் மனதை மயக்குபவை. ஆனால் ஞானஸ்நானம் பெற்றவர் அனுமதியில்லாமல் வெளியே போக முடியாது என்பதுதான் அங்கே இருந்த நடைமுறை. ஓடியவர்களைச் சிப்பாய்கள் பிடித்துவந்தார்கள், சாட்டையடி இருந்தது, மணமாகாத பெண்களை இரவில் தனி அறையில் பூட்டினார்கள். அம்மை நோய்கள் ஊர் ஊராகக் கொன்றன. கலிஃபோர்னியா மிஷன்களைத் தொடங்கிவைத்த துறவி ஹுனீபெரோ செர்ராவுக்கு 2015-ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது பூர்வகுடிகள் பலர் எதிர்த்தது இதனால்தான். சான் அன்டோனியோவிலும் 1739 கொள்ளைநோயில் மிஷன்கள் காலியாகும் அளவுக்குச் சாவு விழுந்தது. அங்கே அபாச்சே என்ற வேறு பூர்வகுடியினரின் தாக்குதலுக்கும் பசிக்கும் பயந்து மதிலுக்குள் வந்தவர்கள் இருந்தார்கள் என்பதால் கதை கொஞ்சம் வேறு. வேறு என்றுதான் சொல்கிறேன், லேசானது என்று சொல்லவில்லை.

சரி, சான் சேவியர் தெல் பாக். டூசானுக்குத் தெற்கே பத்து மைல். பாலைவனத்தில் வெள்ளை வெளேரென்று தூரத்திலிருந்தே தெரியும். இரண்டு கோபுரத்தில் ஒன்றுக்கு உச்சிக் குவிமாடம் இல்லை, அப்படியே நின்றுபோனது. ஊர் இன்றும் தோஹோனோ ஓ'ஓதம் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்கள்தான் பங்கு மக்கள், வாசலில் எண்ணெயில் பொரித்த ரொட்டி விற்பவர்களும் அவர்கள்தான். மற்ற இரண்டு இடங்களிலும் கட்டியவர்களைச் சுவரில் தேட வேண்டும். இங்கே அவர்களின் வம்சம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்.

நமக்கு இங்கே ஒரு தொடுப்பும் இருக்கிறது. 1692-ல் இங்கே வந்த இயேசு சபைத் துறவி யூசெபியோ கீனோ, நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542-லிருந்து பரதவர் நடுவே வேலை செய்த அதே சவேரியாரின் பெயரைத்தான் வைத்தார். கீனோவுக்கும் கீழை நாடுகளுக்கு வரத்தான் ஆசை. சீட்டுப் போட்டதில் மெக்சிகோ விழுந்தது. கோவிலின் ஒரு பக்கத்தில் சவேரியாரின் படுத்த சிலை இருக்கிறது. வரிசையில் நின்று அதன் தலையை மெல்லத் தூக்கி வேண்டிக்கொள்கிறார்கள். உடுப்பில் சின்னச் சின்ன உலோகக் கை, கால், இதயம் குத்தியிருக்கும். வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் வைத்துப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. என் அம்மாவும் வரிசையில் போய் நின்றார்.

இப்போதைய கோவில் 1783-க்கும் 1797-க்கும் இடையில் பிரான்சிஸ்கன் சபையார் காலத்தில் கட்டியது. உள்ளே சலவைக்கல், திரைச்சீலை, வண்ண ஓடு எல்லாம் இருப்பதுபோல் தெரியும். கிட்டப் போய்ப் பாருங்கள், முக்கால்வாசி வர்ணம்தான். பொருள் கிடைக்காத இடத்தில் தூரிகையால் உண்டாக்கியிருக்கிறார்கள். 1990-களில் சுத்தம் செய்தபோது, வெளிநாட்டு வல்லுநர்கள் உள்ளூர் ஓ'ஓதம் மக்களுக்கே பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். இடையில் யாரோ பூசிய சிமெண்டு ஈரத்தைப் பூட்டிவைத்துச் சுவரைக் கெடுத்ததால், அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பில் சப்பாத்திக்கள்ளிச் சாறு கலந்து பூசினார்கள். நம்மூரில் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் கலப்பது இதற்குப் பங்காளி.

கட்டடம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் சான் சேவியர்தான் முதல். மற்ற எந்த மிஷன் கோவிலும் உள் அழகில் இதன் பக்கத்தில் வராது. ஆனால் ஒரு கோவில், ஒரு காலை, அவ்வளவுதான். வயல், வாய்க்கால், குடியிருப்பு எல்லாம் கோத்துப் பார்க்க முடியாது. இன்னும் முக்கால் மணி நேரம் தெற்கே போனால் தும்மகாகோரி என்ற பாழடைந்த மிஷன் வரும். சான் சேவியர் சுட்ட செங்கல்லில் கட்டியது, இங்கே பூச்சு உதிர்ந்த இடங்களில் சுடாத மண்கல் தெரியும், வித்தியாசம் நேரில் புரியும். இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்குச் சான் அன்டோனியோதான் சௌகரியம். இரண்டு நாள் போதும், தூரம் குறைவு, நடை அதிகமில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை போங்கள். கோடை வெயிலில் வயதானவர்களை மதிலுக்குள் நிறுத்தக் கூடாது. டூசானுக்கு அதே மாதங்கள்தான். கலிஃபோர்னியாவுக்கு எந்த மாதமும் சரி. அங்கே குடியிருப்பவர்கள் 21-ஐயும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல், நான் சொன்ன மூன்றில் பக்கத்தில் இருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். சான் அன்டோனியோவில் வழக்கமாக எல்லோரும் அலமோவிலிருந்து தெற்கே போவார்கள். நீங்கள் காலையிலேயே எஸ்பாதாவுக்குப் போய்விட்டு வடக்கே வாருங்கள். தொட்டிப்பாலத்தில் அந்த நேரத்தில் ஆளே இருக்காது, தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.